வார்டு கிளர்க் வேலைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: புதுச்சேரி, கடலூர் வட்டாரம்

மருத்துவமனை வார்டு கவுன்ட்டரில் உட்கார்ந்து எழுத்து வேலை பார்க்க வருகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். மேலிருந்து கீழாகப் படியுங்கள். பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னதைச் சுட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

வார்டு கிளர்க்னா என்ன வேலைங்க? ரிசப்ஷன்ல உக்கார்ற மாதிரியா?

இல்லை. ரிசப்ஷனில் இருப்பவர் வாசலுக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறார். வார்டு கிளர்க் ஒரு வார்டுக்குள் ஓடும் காகிதம் முழுவதையும் பார்த்துக்கொள்கிறார். புது அட்மிஷன் வந்ததும் கேஸ் ஷீட் அடுக்குவது, உள்நோயாளிக்குத் தரும் ஐ.பி. எண்ணையும் கட்டில் எண்ணையும் கணினியில் ஏற்றுவது, லேப், எக்ஸ்-ரே, ஸ்கேன் ரெக்விசிஷனை (பரிசோதனைக் கோரிக்கைச் சீட்டு) அனுப்பி ரிப்போர்ட்டை வாங்கிச் சேர்ப்பது, சாப்பாட்டுப் பட்டியல், ஸ்டோருக்கு இண்டென்ட் (வேண்டிய பொருள்களின் பட்டியல்), டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சு, சென்சஸ் (வார்டில் இருப்பவர்களின் கணக்கு), கடைசியில் கோப்பை எம்.ஆர்.டி. எனப்படும் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவுக்கு அனுப்புவது எல்லாம் இதில் வரும்.

தனியார் மருத்துவமனைகளில் வார்டு செக்ரட்டரி, ஃப்ளோர் கோஆர்டினேட்டர் என்றும் சொல்வார்கள். சின்ன நர்சிங் ஹோமில் பில் போடுகிறவரே இதையும் பார்ப்பார். அரசு மருத்துவமனையில் இதில் பாதி ஸ்டாஃப் நர்ஸ் தலையில் இருக்கும். ஆகவே பதவியின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். என்னென்ன வேலை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நான் பிளஸ் டூ காமர்ஸ் குரூப். பயாலஜி படிக்காதவங்களை எடுப்பாங்களா?

எடுப்பார்கள். பெரும்பாலான தனியார் மருத்துவமனைகள் பிளஸ் டூ அல்லது ஏதாவது ஒரு பட்டம், கணினிப் பழக்கம், தமிழில் தன்மையாகப் பேசுவது, இந்த மூன்றைத்தான் பார்க்கின்றன. வார்டில் தேவைப்படும் மருத்துவச் சொற்கள் ஓரிரு மாதத்தில் பிடிபட்டுவிடும். டாக்டரின் கையெழுத்தைப் படிக்கக் கூடுதல் காலம் பிடிக்கும். படிக்க முடியாததை ஊகித்துத் தட்டச்சு செய்யாமல் எழுந்து போய்க் கேட்கிறவராக இருந்தால் போதும்.

ஒரு வருஷ டிப்ளமோவுக்கு நாப்பதாயிரம் கேக்கறாங்க. சேரலாமா?

பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள். எத்தனை வாரம் மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி, எந்த மருத்துவமனை, அதற்குக் கடிதம் தருவார்களா? சான்றிதழ் தருவது யார்? மருத்துவமனை மென்பொருளில் கைவைத்துப் பழகவிடுவார்களா, இல்லை வேர்டும் எக்செலும்தானா? முதல் கேள்விக்கு மழுப்பினால் மற்ற இரண்டையும் கேட்க வேண்டியதில்லை, வந்துவிடுங்கள்.

தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ் சுகாதாரத் துறைத் திறன் கவுன்சில் வகுத்த மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அசிஸ்டென்ட், ஹாஸ்பிடல் ஃப்ரன்ட் டெஸ்க் கோஆர்டினேட்டர் போன்ற பயிற்சிகளுக்கு நாடு முழுவதும் ஒரே மதிப்பு. மத்திய சுகாதாரப் புலனாய்வுப் பணியகம், மெடிக்கல் ரெக்கார்ட் அதிகாரிகளுக்கு ஓராண்டும் டெக்னீஷியன்களுக்கு ஆறு மாதமும் பயிற்சி நடத்திவந்திருக்கிறது. அந்த மையங்களில் ஒன்று நம் ஜிப்மர். ஆனால் அது பெரும்பாலும் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கானது.

எங்கள் கணிப்பு இதுதான்: டைப்பிங் சான்றிதழும், ஏதாவது ஒரு மருத்துவமனையில் மூன்று மாத டிரெய்னி அனுபவமும் கையில் இருப்பவர், மருத்துவமனை வாசலையே மிதிக்காத டிப்ளமோக்காரரை இன்டர்வியூவில் தாண்டிவிடுவார்.

டைப்பிங் எவ்ளோ ஸ்பீடு வேணும்? தமிழும் வேணுமா?

தனியாரில் ஆங்கிலம் நிமிடத்துக்கு 30 சொல் வந்தால் சமாளிக்கலாம். தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத் தேர்வில் ஜூனியர் கிரேடு 30 சொல், சீனியர் 45. மத்திய அரசு எழுத்தர் பணிகளில் கணினியில் ஆங்கிலம் 35 அல்லது இந்தி 30 சொல் கேட்பார்கள். வேகத்தைவிட எண்களில் பிழை இல்லாமல் அடிப்பதே இங்கே முக்கியம். சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.2 என்பது 12 ஆகிவிட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார்க்கும் அடுத்த டாக்டர் டயாலிசிஸுக்கு அனுப்பப் பார்ப்பார்.

வார்டில் தமிழ்த் தட்டச்சு அதிகம் தேவைப்படாது. ஆனால் சம்மதப் படிவத்தையும் மருந்துக் குறிப்பையும் நோயாளிக்குத் தமிழில் விளக்க வேண்டியிருப்பதால், அந்தப் படிவங்களைத் தமிழில் சரளமாகப் படித்துக்காட்டத் தெரிய வேண்டும்.

பி.டி., டி.டி.எஸ்., எஸ்.ஓ.எஸ்.னு என்னென்னமோ சொல்றாங்க. ஒண்ணுமே புரியல.

பி.டி. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, க்யூ.ஐ.டி. நான்கு வேளை, எச்.எஸ். படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும், ஸ்டாட் என்றால் உடனே. என்.பி.எம். என்றால் வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது. இந்தக் கடைசி ஒன்று உங்களை நேராகப் பாதிக்கும். காலையில் அறுவைச் சிகிச்சை வைத்திருக்கும் நோயாளிக்குச் சாப்பாட்டுப் பட்டியலில் இட்லி போய்விட்டால் அன்றைய ஆபரேஷன் தள்ளிப்போகும்.

ஒரு நாளைக்கு ஒரு வேளை என்பதையும், ஆபரேஷன் தியேட்டரையும் நம் ஊரில் வாயால் சொல்லும்போது இரண்டுமே 'ஓ.டி.' என்றுதான் காதில் விழும். போனில் கேட்டால் 'தியேட்டரா சார்?' என்று திருப்பிக் கேளுங்கள்.

ரத்தக் குழாய் மூடிகளின் நிறமும் தெரிந்திருக்கட்டும்: ஊதா சி.பி.சி. எனும் ரத்த அணுக்கள் எண்ணிக்கைக்கு, சாம்பல் சர்க்கரைக்கு, வெளிர்நீலம் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் பி.டி.-ஐ.என்.ஆர்.க்கு, சிவப்பு அல்லது மஞ்சள் சிறுநீரக, கல்லீரல் பரிசோதனைகளுக்கு. வெளிர்நீலக் குழாயில் ரத்தம் கோடு வரை நிரம்பாவிட்டால் லேப் திருப்பி அனுப்பிவிடும். உறைதல் தடுப்பு மருந்தின் விகிதம் மாறிவிடுவதுதான் காரணம். போன் உங்களுக்குத்தான் வரும், நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். லேபிளை நீங்கள் அச்சடிக்கலாம். குழாயில் ஒட்டுவது ரத்தம் எடுப்பவர், அதுவும் கட்டில் அருகில், எடுத்த கையோடு. கவுன்ட்டரிலேயே காலிக் குழாயில் ஒட்டிவைத்தால் ரத்தம் ஆள் மாறுவதற்கு அதுதான் முதல் வழி.

அட்மிஷன் போடறப்ப எங்க அதிகமா தப்பு வரும்?

பெயரிலும் முகவரியிலும். நம் வட்டாரத்தில் இந்த இரண்டுக்கும் தனிச் சிக்கல் உண்டு.

புதுச்சேரியில் பழைய குடும்பங்கள் பெயரை பிரெஞ்சு வழக்கில் எழுதுவார்கள். கடலூர் முருகனுக்கு ஆங்கிலத்தில் 7 எழுத்து. புதுச்சேரி முருகனுக்கு 10 எழுத்து வரும்: யு வர வேண்டிய இரண்டு இடத்திலும் ஓ-யூ, கடைசியில் ஒரு ஈ. நீங்கள் காதில் கேட்டபடி அடித்துத் தேடினால் பழைய பதிவு வராது, புது எண் போட்டுவிடுவீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு எண். பழைய பதிவில் இருக்கும் பென்சிலின் ஒவ்வாமைக் குறிப்பு புதியதில் இருக்காது. ஆகவே முதலில் கைப்பேசி எண்ணால் தேடுங்கள், பிறகு ஆதார் அல்லது 14 இலக்க ஆபா எண் (மத்திய அரசின் சுகாதார அடையாள எண்), பெயர் கடைசியில். இன்ஷியல் விரிவு அடையாள அட்டையில் எப்படியோ அப்படியே போக வேண்டும். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருந்தால் இரண்டு கோப்பின் மேலும் 'அதே பெயர்' எச்சரிக்கை ஒட்டி, இருவரையும் அடுத்தடுத்த கட்டிலில் போட வேண்டாம் என்று சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முகவரி கேட்டால் 'பாண்டிதாங்க' என்பார்கள். முத்தியால்பேட்டையை ஒட்டிய கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம். கிருமாம்பாக்கம் புதுச்சேரி, அதே கடலூர் சாலையில் இருக்கும் ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். டெங்கு தகவல் எந்த மாவட்டத்துக்குப் போக வேண்டும், எந்த அரசின் காப்பீடு என்பதெல்லாம் இந்த ஒரு வரியில் தொங்குகின்றன. ஊர், கொம்யூன் (புதுச்சேரியின் பஞ்சாயத்துப் பிரிவு) அல்லது வட்டம், மாவட்டம், பின்கோடு நான்கையும் கேட்டு வாங்குங்கள்.

காலையில ரவுண்ட்ஸ்ல டிஸ்சார்ஜ்னு சொல்லிட்டாங்க, பேஷன்ட் சாயந்திரம்தான் போறார். திட்டு மட்டும் எங்களுக்கு. ஏன்?

டாக்டர் சொல்வதற்கும் நோயாளி படியிறங்குவதற்கும் நடுவில் இத்தனை இருக்கிறது: சம்மரி தட்டச்சு, டாக்டர் திருத்தம், கையொப்பம், மிச்ச மருந்தை ஃபார்மசிக்குத் திருப்புவது, வேறு துறை டாக்டர் பார்த்துவிட்டுப் போன கட்டணத்தை ஏற்றுவது, இறுதி பில், காப்பீடு இருந்தால் அனுமதி, பணம், கேட் பாஸ். பெரும்பாலும் இடறுவது மருந்து திருப்புவதிலும், ஏற்றாமல் விட்ட கட்டணத்திலும்தான். பில் போட்ட பிறகு ஒரு எக்ஸ்-ரே கட்டணம் முளைத்தால் எல்லாம் முதலிலிருந்து.

இதைக் குறைக்க ஒரே வழி, முந்தைய மாலையே மறுநாள் போகக்கூடியவர்களின் பட்டியலை சிஸ்டரிடம் வாங்கி, சம்மரியில் பாதியை இரவே அடித்துவைப்பது. பயாப்ஸி ரிப்போர்ட் வரவில்லை என்பதற்காகச் சம்மரியை நிறுத்தாதீர்கள். 'ரிப்போர்ட் வரவேண்டியுள்ளது, எப்போது வந்து வாங்க வேண்டும்' என்று எழுதி டாக்டரின் ஒப்புதலோடு அனுப்பலாம். தனியார் காப்பீட்டில், மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் கோரிக்கை போய்ச் சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே சுற்றறிக்கை. கோரிக்கை அனுப்பிய நேரத்தைக் குறித்துவையுங்கள், உறவினர் கேட்கும்போது அந்த நேரம்தான் உங்களுக்குத் துணை.

ராத்திரி 12 மணி சென்சஸ் எனக்கு மட்டும் டேலி ஆகவே மாட்டேங்குது.

கணக்கு எளிது. நேற்று நள்ளிரவு இருந்தவர்கள், கூட்டல் புது அட்மிஷன், கூட்டல் வேறு வார்டிலிருந்து வந்தவர்கள், கழித்தல் டிஸ்சார்ஜ், வேறு வார்டுக்குப் போனவர்கள், இறப்பு. 30 கட்டில் வார்டில் நேற்று 26 பேர். புதிதாக 5, மாறிவந்தது 2, மொத்தம் 33. டிஸ்சார்ஜ் 4, மாறிப்போனது 1, இறப்பு 1 போக 27. படுக்கை நிரம்பல் 90 சதவீதம்.

டேலி ஆகாததற்கு வழக்கமான காரணங்கள் சில. தாயோடு இருக்கும் பிறந்த குழந்தையைக் கட்டில் கணக்கில் சேர்த்திருப்பீர்கள். அது தனிக் கணக்கு. தியேட்டரிலோ டயாலிசிஸிலோ இருப்பவரை விட்டிருப்பீர்கள். அவர் உங்கள் வார்டு ஆள்தான். சொல்லாமல் போய்விட்டவரைப் பதிவேட்டில் 'அப்ஸ்காண்ட்' என்று எழுதாமல் விட்டிருப்பீர்கள். இடமாற்றத்தில் இரண்டு வார்டும் ஒரே ஆளை எண்ணியிருக்கும். அடுத்த வார்டுக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். கணினியை மட்டும் பார்த்து எண்ணாமல் ஒருமுறை கட்டில் கட்டிலாக நடந்து வாருங்கள்.

கேஸ் ஷீட்ல தப்பா எழுதிட்டேன். வைட்னர் போடலாமா?

கூடாது. சுரண்டவும் கூடாது, தாளை மாற்றவும் கூடாது. தவறின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் சரியானது, உங்கள் சுருக்கொப்பம், தேதி, நேரம். வைட்னர் பட்ட தாளை நீதிமன்றத்தில் யாரும் நல்லெண்ணத்தோடு பார்ப்பதில்லை. டாக்டரோ நர்ஸோ எழுதியதில் தவறு கண்டால் நீங்கள் திருத்தாதீர்கள், எழுதியவரிடம் காட்டுங்கள்.

டாக்டர் போன்ல மருந்து சொல்றார், சிஸ்டர் பக்கத்துல இல்ல. நான் எழுதி வெச்சுக்கலாமா?

மருந்து, ரத்தம், ஆக்சிஜன் எதுவானாலும் வாய்மொழி உத்தரவை நீங்கள் வாங்கக்கூடாது. 'சார், லைன்ல இருங்க, சிஸ்டரைக் கூப்பிடறேன்' என்பதுதான் பதில். துண்டுத் தாளில் குறித்துப் பிறகு சொல்வதும் அதே தவறுதான். லேபிலிருந்து ஆபத்தான அளவு என்று போன் வந்தாலும் இதேதான், பொட்டாசியம் 6.8 என்று நீங்கள் கேட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டால் இதயம் அதற்காகக் காத்திருக்காது. லேப் சொல்லும் அளவை அவசரத்தில் வாங்கியே ஆக வேண்டியிருந்தால் எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து, அந்த நிமிடமே நர்ஸிடம் ஒப்படையுங்கள்.

கடலூர்க்காரங்க பாண்டியில பிரசவம் பார்த்தா பர்த் சர்டிஃபிகேட் எந்த ஊர்ல வாங்கணும்?

குழந்தை பிறந்த இடத்தில். பெற்றோரின் ஊர் எதுவானாலும் சரி. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி மருத்துவமனை 21 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தகவல் தர வேண்டும். கோரிமேட்டில் பிறந்தால் உழவர்கரை நகராட்சி, கிருமாம்பாக்கத்தில் பிறந்தால் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து, மஞ்சக்குப்பம் ஜி.எச். என்றால் கடலூர். இறப்புக்கும் இதே விதிதான். அங்கே இறப்புக் காரணத்தை டாக்டர் படிவம் 4-இல் தனியாக எழுத வேண்டும்.

பெயர் வைக்காமலும் பதிவு செய்யலாம்; 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கு ஆதாரம். எனவே படிவத்தை அனுப்பும் முன் பெற்றோர் பெயரின் எழுத்துகளை அம்மாவிடமே காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். மேலே சொன்ன முருகன் சிக்கல் இங்கே வந்தால் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்குன்னு சொல்றாங்க. அட்மிஷன் போட்டுடலாமா?

அட்மிஷன் டாக்டர் முடிவு, அதைக் காப்பீட்டுக்காக நிறுத்தாதீர்கள். ஆனால் 'பணம் கட்ட வேண்டாம்' என்ற வாக்குறுதி உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கான தமிழகத் திட்டம் அது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. தமிழகத்திலிருந்து எல்லை தாண்டிப் புதுச்சேரிக்கு வந்தவருக்கு, இந்த மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சை பட்டியலில் உண்டா என்று காப்பீட்டு டெஸ்க்தான் சொல்ல வேண்டும். அட்மிஷன் நேரத்திலேயே அங்கே அனுப்பிவிடுங்கள். முன் அனுமதி வாங்காமல் ஆபரேஷன் முடிந்தபின் அட்டையை நீட்டினால் ஒன்றும் செய்ய முடியாது.

எம்.எல்.சி. கேஸ்ல என் வேலை என்ன? பயமா இருக்கு.

எம்.எல்.சி. என்பது காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய மெடிக்கோ-லீகல் கேஸ்: சாலை விபத்து, அடிதடி, தீக்காயம், விஷம் குடித்தது போன்றவை. எம்.எல்.சி. என்று தீர்மானிப்பது டாக்டர், உறவினரோ நீங்களோ இல்லை. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் (ஏ.ஆர்.) எழுதுவதும் அவர்தான். உங்கள் பங்கு: கோப்பின் மேல் எம்.எல்.சி. முத்திரை, ஏ.ஆர். எண், காவல் துறைக்குப் போகும் தகவல் கடிதத்தில் அனுப்பிய நேரம், வாங்கியவர் பெயர், பதவி, கையொப்பம். தகவல் மருத்துவமனை இருக்கும் எல்லைக் காவல் நிலையத்துக்குப் போகும். விபத்து நடந்தது பண்ருட்டியாக இருந்தால் அவர்கள் அங்கே அனுப்பிக்கொள்வார்கள். கடலூரிலிருந்து ரெஃபர் ஆகி வந்தவருக்கு அங்கே போட்ட ஏ.ஆர். எண்ணைக் கோப்பில் கட்டாயம் குறியுங்கள்.

'கேஸ் வேணாம் தம்பி, வழுக்கி விழுந்ததுன்னு போட்டுக்க' என்று கெஞ்சுவார்கள். டாக்டரிடம் அனுப்புங்கள், பேனாவைத் தொடாதீர்கள். இறந்துபோனால் உடல் பிணவறைக்குத்தான் போகும். காவல் துறை விசாரணை முடியாமல் உறவினரிடம் தரும் ரசீதில் நீங்கள் கையெழுத்திடவே கூடாது. போக்சோ வழக்கு என்றால் குழந்தையின் பெயர் கட்டில் பலகையிலோ வார்டு போர்டிலோ இருக்கக்கூடாது.

சொந்தக்காரர், வக்கீல், போலீஸ்னு ஆளாளுக்கு கேஸ் ஷீட் ஜெராக்ஸ் கேக்கறாங்களே?

வார்டிலிருந்து யாருக்கும் நகல் போகாது, எம்.ஆர்.டி.க்கு அனுப்புங்கள். நோயாளி கேட்டால் எழுத்து விண்ணப்பம், அடையாள அட்டை. 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்கநெறி விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உறவினருக்கும் வக்கீலுக்கும் நோயாளியின் எழுத்துச் சம்மதம் தேவை. போலீஸ் முத்திரையிட்ட கடிதம் தர வேண்டும். மூலக்கோப்பு போனால் சான்றிட்ட நகலும் ரசீதும் இங்கே இருக்க வேண்டும். கோப்பைக் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது வேலையைப் பறித்துவிடும். எச்.ஐ.வி. நிலையை அட்டையின் மேலோ கட்டிலிலோ எழுதக்கூடாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ரகசியமாக வைக்கச் சொல்கிறது.

ஜிப்மர்லயோ ஜி.எச்.லயோ கவர்மென்ட் வேலையா வாங்க முடியுமா?

மூன்று வாசல்கள், மூன்றும் வேறு வேறு. ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம். எழுத்தர் பணிக்கு அதுவே அறிவிப்பு விட்டுத் தேர்வு நடத்தும், எந்த மாநிலத்தவரும் எழுதலாம், தட்டச்சுத் தேர்வு உண்டு. கடலூர் அரசு மருத்துவமனையின் இளநிலை உதவியாளர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4; அதில் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றதைத் திருத்தவே மாட்டார்கள். புதுச்சேரி அரசு மருத்துவமனைகளின் எல்.டி.சி. (கீழ்நிலை எழுத்தர்) பணிக்கு அந்த அரசின் பணியாளர் துறை தேர்வு நடத்தும், இருப்பிடச் சான்று முக்கியம். மூன்றிலும் உங்களை வார்டில்தான் போடுவார்கள் என்று உறுதியில்லை; சம்பளப் பிரிவிலோ ஸ்டோரிலோ உட்கார நேரலாம்.

நோய் தொத்திக்காதா?

நோயாளியைத் தொடும் வேலை இல்லை, ஆனால் ரெக்விசிஷனும் மாதிரிப் பெட்டியும் ஒரே மேசைக்கு வரும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, 0, 1, 6-ஆம் மாதங்களில். வேலையில் சேரும்போதே கேளுங்கள். ரத்தம் பட்ட படிவத்தை வாங்காதீர்கள், புதிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். கவுன்ட்டரில் சாப்பிடாதீர்கள்.

இதுலயே இருந்தா மேல எங்க போகலாம்?

எம்.ஆர்.டி., காப்பீட்டு டெஸ்க், தர மேம்பாட்டுப் பிரிவு, மெடிக்கல் கோடிங். கோடிங் என்பது நோய்களை ஐ.சி.டி. எனும் உலக நோய் வகைப்பாட்டு எண்களாக மாற்றுவது, உயர் ரத்த அழுத்தம் ஐ10, இரண்டாம் வகை சர்க்கரை ஈ11. வார்டில் இருக்கும்போதே டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்துப் பழகலாம். சென்னை நிறுவனங்கள் கேட்பது அமெரிக்கப் பதிப்பு, நம் மருத்துவமனைகளில் பயன்படுவது உலக சுகாதார நிறுவனப் பதிப்பு. சேரும் வகுப்பு எதைச் சொல்லித்தருகிறது என்று முதலில் கேளுங்கள்.

சிஸ்டர் அவங்க பாஸ்வேர்டைக் கொடுத்து 'நீயே என்ட்ரி போட்டுடும்மா'ங்கறாங்க. மறுத்தா கோச்சுக்குவாங்களே?

கோபித்துக்கொள்வார்கள்தான், வேலை நெருக்கடியில் கேட்பதுதான் அது. ஆனால் மருந்து கொடுத்த நேரம், பி.பி., யூரின் அளவு எல்லாம் சிஸ்டர் பெயரில் பதிவாகும். பிரச்சினை வந்தால் அந்த நேரத்தில் அவர் கட்டிலருகில் இருந்ததைக் கேமரா காட்டும், கவுன்ட்டர் கணினியில் என்ட்ரி ஓடியதைச் சிஸ்டம் காட்டும். இருவரும் மாட்டுவீர்கள்.

'அக்கா, என் லாகின்ல வர்றது எல்லாம் நான் போட்டுடறேன்' என்று சொல்லி, ரெக்விசிஷன், இண்டென்ட், உணவுப் பட்டியல், கட்டில் மாற்றம் ஆகியவற்றை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கையிலிருந்து அவ்வளவு குறைந்தாலே மீதிக்கு நேரம் கிடைக்கும். உங்கள் லாகினில் இல்லாத ஒன்று தினமும் தேவைப்பட்டால், நர்சிங் சூப்பரின்டென்டென்ட் வழியாக ஐ.டி. பிரிவுக்கு எழுதி அந்த உரிமையைக் கேளுங்கள். கிடைக்கும்வரை அவர் வந்து போடட்டும். நீங்கள் எழுந்து நாற்காலியைக் கொடுங்கள்.